விமானம் தின்ற பெயர்

எங்கள் கினோவான் ஊரில் தலைக்கு மேல் விமானம் வந்தால் பேச்சு பாதியில் நிற்கும். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சத்தத்துக்கு மேல் கத்துகிறவன் மரியாதை தெரியாதவன் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அமெரிக்கப் படையின் விமானத் தளத்துக்கு இதைவிட அடக்கமான அண்டை வீட்டுக்காரர்கள் எங்கே கிடைப்பார்கள்? தூ!

என் பக்கத்து வீட்டு ஃபுமியே அக்கா ஓடுபாதைக்கு நேர் எதிரே நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள். சத்தத்துக்கு மருந்தாக அரசாங்கம் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்தது. மூடினால் புழுங்கிச் சாக வேண்டும், திறந்தால் காது போய்விடும். என்ன கருணை, என்ன கருணை!

போன ஜூனில் அவள் கணவர் செய்கி கடைசிப் படுக்கையில் கிடந்தார். மகன் இல்லை, மிசாவோ என்று ஒரே மகள். மூன்று வருஷம் அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள்தான். ஆனால் முன்னோர் பெயர் எழுதிய பலகையை ஆண் வாரிசுதான் வைத்துக் கும்பிட வேண்டும் என்பது வழக்கம். சாகிறவர் வாயால் வேறு பெயர் சொல்லாவிட்டால் அது செய்கியின் அண்ணன் மகன் கென்யூவுக்குப் போகும். பலகையோடு வீடும் போகும். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பழப்பெட்டியோடு தலைகாட்டிவிட்டுப் போகிற பிறவி அவன்.

அன்று மத்தியானம் செய்கி கண்ணைத் திறந்தார். "ஃபுமியே, அந்தப் பலகைய வந்து..." என்று ஆரம்பித்தார். விமானம் வந்தது. மனிதர் வாயை மூடிக்கொண்டார்! சாகப்போகிற நேரத்திலும் அந்த இரும்புச் சனியனுக்கு மரியாதை. அக்காவும் பேசாமல் காத்திருந்தாள். சத்தம் ஓய்ந்து அவள் குனிந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குச் சொந்தமெல்லாம் கூடியது. பன்றிக்கறித் தட்டு காலியாகும்வரை கென்யூ பொறுத்தான்.

"சித்தி, சித்தப்பா யார் பேரயாவது சொன்னாரா? இல்லன்னா வழக்கப்படி பாத்துக்கலாம். வண்டி கொண்டாந்திருக்கேன்."

"துக்கத்துக்கு வந்தியா, வீடு காலி பண்ண வந்தியாடா?" என்றேன்.

"நீங்க பக்கத்து வீட்டுக்காரங்க. சும்மா இருங்க."

ஃபுமியே அக்கா எழுந்துபோய் அந்தக் கண்ணாடி ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சொன்னாரு. சொல்றேன், கொஞ்சம் இரு" என்றாள்.

விமானம் வந்தது. அத்தனை பேர் வாயும் மூடிக்கொண்டது, கென்யூவின் வாய் உட்பட. அந்த இரைச்சலில் ஆயுளில் முதல்முறையாக ஃபுமியே அக்கா மட்டும் வாய் திறந்து பேசினாள். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க சித்தி?"

"அவர் சொன்ன பேரச் சொன்னேன்."

"எனக்குக் கேக்கலையே!"

"கேக்கலன்னா தளத்துக்குப் போன் போட்டுக் கேளு." பலகையை எடுத்து மிசாவோ மடியில் வைத்தாள். "ஒரு தடவ சொல்லியாச்சு. சாவு வீட்டுல ரெண்டாம் தடவ சொல்ல மாட்டேன்."

கென்யூ காலி வண்டியோடு திரும்பிப் போனான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பாத்திரம் கழுவும்போதுதான் அக்கா உடைந்தாள். "அவர் யார் பேரச் சொல்ல வந்தாருன்னே எனக்குத் தெரியாதுடி. அந்த ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கத்திச் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?"