அரிசி நிறைஞ்சிருக்கு

அத்தை பாதி முருங்கைக்காய் கேட்டதும் காய்கறிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மிச்சப் பாதிய நான் யார் தலையில கட்டுறது?"

"நாளைக்கு நானே வாரேன், எடுத்து வைங்கண்ணே. ஒத்த ஆளுக்கு எம்புட்டு வேணும்?"

வில்லாபுரத்தில் அப்போது தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிற பெண் அத்தை ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கடைக்காரர் முனகிக்கொண்டே காயை இரண்டாக வெட்டி, கறிவேப்பிலையும் மல்லித்தழையும் போட்டுக் கொடுத்தார். கொசுறு காயைவிடப் பெரிதாக இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் தகரப்பெட்டியும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். மாமா கைநீட்டுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்களோடு தங்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் பள்ளி ஒன்றில் ஆயா வேலை தேடிக்கொண்டு, வில்லாபுரத்தில் ஓர் அறையும் பார்த்துக்கொண்டாள். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. "இருந்து பாக்கட்டும். என்னைக்கு அரிசின்னு எங்கிட்ட வந்து நிக்கிறாளோ, அன்னைக்கே வாடிப்பட்டி பஸ்ல ஏத்திவிட்டுருவேன்" என்று அவளுக்கு எதிரிலேயே சொன்னார். அப்பா சொன்ன சொல் தவறாதவர், முக்கியமாக அடுத்தவர் கஷ்டப்படுகிற காரியங்களில்.

சனிக்கிழமைகளில் அம்மா என்னை அத்தையிடம் அனுப்புவாள். திரும்பி வந்ததும், எந்த அக்கறையும் இல்லாதவர் போல, அத்தை என்ன சமைத்தாள் என்று அப்பா விசாரிப்பார். பெரியவர்கள் என்னை மதித்துக் கேள்வி கேட்பது அபூர்வம் என்பதால் நானும் உப்பு, புளி விடாமல் ஒப்பிப்பேன்.

அன்று பருப்பு ஒரு சின்னப் பொட்டலம், ஒரு பிடி வெங்காயம், இரண்டு தக்காளி என்று கடைகடையாக ஏறி இறங்கினோம். அரிசிக்கடையை மட்டும் அத்தை திரும்பிப் பார்க்காமல் தாண்டினாள். அறைக்கு வந்து திரி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டி உலையில் போட்டாள். அத்தை எவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சோற்றை வடித்துவிட்டு அதே அடுப்பில் குழம்பு வைத்தாள். முருங்கைக்காய்த் துண்டுகள் எல்லாம் என் தட்டுக்கே வந்தன. சோறும் பெரும்பாலும் அப்படித்தான்.

கிளம்பும்போது என் சடையைச் சரிசெய்துகொண்டே, "ஏத்தா, வீட்டுல அரிசி நிறைஞ்சிருக்குன்னு அப்பாட்ட சொல்லிரு" என்றாள். வழக்கமாகத் தெருமுனை வரை வருகிறவள், அன்று சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். "அத்தை வீட்டுல அரிசி நிறைய இருக்காம்."

"நிறையவா? அவளே சொன்னாளா?"

"உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "திமிரப் பாரு. எப்பிடியும் போகட்டும், இனி நான் கேக்க மாட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறாதவர்.

வீட்டில் அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று வாயால் சொல்லக் கூடாது, 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் அம்மா அதெல்லாம் பார்க்கிறவள் இல்லை; தீர்ந்தால் தீர்ந்தது என்பாள். எனக்குக் கல்யாணமான பிறகு, மாமியார் காலிப் பானையைக் காட்டி அப்படிச் சொன்னபோதுதான் அர்த்தம் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை போனபோது தகரப்பெட்டி கயிறு கட்டி வாசல் பக்கம் இருந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. அடுப்பில் ரவைக் கஞ்சி. அத்தை எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அப்பா வரலையா? நான் சொன்னதச் சொன்னியா இல்லையா?"

"சொன்னேனே. அரிசி நிறைய இருக்காம்னு சொன்னேன்."

"நிறைய இருக்குன்னா சொன்ன?"

"ஆமா. எப்பிடியும் போகட்டும், இனி கேக்க மாட்டேன்னுட்டாங்க."

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். அவள் கயிற்றை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு, "வா, கடைக்குப் போவோம்" என்றாள்.

சம்பளம் வந்திருக்க வேண்டும். முதலில் அரிசிக்கடையில்தான் நுழைந்தாள். காய்கறிக் கடைக்காரர் அவளைக் கண்டதுமே கத்தியை எடுத்து, "பாதிதான?" என்றார்.

"முழுசாவே குடுங்கண்ணே. நாளைக்கும் இங்கனதான இருப்பேன்."

பஸ் பயணம் என்றால் எனக்கு முந்தின நாள் தூக்கமே வராது. பெட்டியெல்லாம் கட்டிவிட்டு ஊருக்குப் போகாமல் போனதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று யோசித்துக்கொண்டே அத்தையின் பின்னால் நடந்தேன்.