பச்சை பூசிய பிக்கப்

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மாடுகள் வெயிலில் நின்றன. பிக்கப் வண்டி மட்டும் கொட்டகை நிழலில் நின்றது. அம்மாவின் அப்பா வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் ஏற்றி இறக்கிய வண்டி அது. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. வாங்கிய நாளில் இருந்த அதே சாம்பல் நிறம், அதே சீட்டு, அதே ஹாரன். அம்மா தினமும் பழைய புடவைத் துணியால் துடைப்பாள். நான் அதன்மேல் ஏறினால் முதுகு பழுத்துவிடும்.

அந்த வருஷம் கிணறு வற்றிக் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை விற்றுக் கிணற்றை ஆழப்படுத்தலாம் என்றார் அப்பா.

"எங்கப்பா ஞாபகமா அது ஒண்ணுதாங்க இருக்குது."

"ஞாபகம் தண்ணி பாய்ச்சுமா?"

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பழைய வண்டி என்றால் உயிரை விடும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்தார். வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தவர், "இந்தப் பழைய பெயிண்ட்டுக்குத்தானுங்க வெல. ஒரு பொட்டு மாத்தினாலும் எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது மாமா ஊரில் இல்லை. அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். சாமை வாங்க மலைக்குப் போயிருந்தார்.

வண்டியை எடுத்துப்போகும் நாள் நெருங்கியதும், கோயம்புத்தூர்க்காரரை அழைத்துவர அப்பா கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார். "உன் தம்பி வந்தா வண்டிகிட்ட போவ வேணாம்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த சமயம். அப்பா போய்ச் சேர்ந்த மறுநாளே வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார்.

மாமா மலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "சந்தைக்கு ஓட்டற மாட்டுக்கே கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். இத்த இப்படியேவாடா அனுப்பறது?"

மாமாவுக்குச் சும்மா இருந்து கை அரித்துக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு வாங்கிய கொம்பு பெயிண்ட் டப்பாக்கள் பரணில் இருந்தன. போதாததற்கு அம்மா பக்கத்துக் கடையில் இன்னும் வாங்கிக் கொடுத்தாள். உடம்பெல்லாம் கிளிப்பச்சை, பம்பருக்குச் சிவப்பு, டயருக்கு விளக்கெண்ணெய், கண்ணாடியின் மேல் குஞ்சம். பெரியவர்கள் மனது மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் குஞ்சத்துக்கு நூல் பிடித்தேன்.

மரங்களை அகற்றியதும் அப்பா கோயம்புத்தூர்க்காரரோடு வந்தார். கொட்டகையைப் பார்த்ததும் வந்தவர் அப்படியே கல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?"

"சந்தைக்குப் போறது லட்சணமா போவட்டுமேன்னுதான் மாமா" என்றார் மாமா, பாராட்டை எதிர்பார்த்து.

அப்பா கை ஓங்கியது அன்றுதான் முதல்முறை. வந்தவர்தான் எழுந்து தடுத்தார். வண்டியை மறுபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் வெளியேற, அப்பா பின்னாலேயே போய்ச் சாலை வரைக்கும் கெஞ்சினார். அந்த வருஷக் கரும்பு அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று. மாமாவோடு அப்பா பேச வெகுகாலம் பிடித்தது. மாமாவும் கடைசிவரை அக்கா பெயரை எடுக்கவில்லை.

அம்மா மட்டும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் பழைய துணியோடு கொட்டகைக்குப் போனாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்பக்கத்தில் தானே ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்தாள். தாத்தா கை வைத்து ஓட்டுகிற அந்த இடத்தில் பழைய சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. அதை மட்டும் துடைத்தாள்.

மாமாவுக்குப் பெயிண்ட் தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.