கரன்ட் ஊரில் கரன்ட் கார்

செத்த வண்டி

"ஸ்டார்ட் ஆவலப்பா, ஸ்டார்ட்டே ஆவல" என்று சொல்லிக்கொண்டே தணிகாசலம் அண்ணன் சாவியை மறுபடி திருகினார். ஆகிவிட்டது அண்ணே என்று நான் சொல்வதற்குள் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார். கார் ஒரு முனகல்கூட இல்லாமல் பாய்ந்து, கடை வாசலில் நின்ற கரும்பு ஜூஸ் வண்டியின் குடையைப் பெயர்த்துக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. ஜூஸ்காரர் கையில் பாதி பிழிந்த கரும்போடு அப்படியே நின்றார். கார் ஓட்டிக் காட்டுகிற வேலையில் ஆபத்து காரால் வராது, ஓட்டிப் பார்க்க வருகிறவரால்தான் வரும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை நானும் மிதி மிதி என்று மிதித்தேன்.

நான் பிளஸ் டூவோடு நின்றவன். ஏன் என்று கேட்டால், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்தேன். வடலூரில் பழைய கார் வாங்கி விற்கிற கடை ஒன்றின் முதலாளி, புதிதாக முளைத்த ஒரு கரன்ட் கார் கம்பெனியின் ஏஜென்சி எடுத்திருந்தார். பெயரைச் சொன்னால் ஜனங்கள் "பேட்டரி கம்பெனியா?" என்று கேட்பார்கள். காட்டுவதற்கு ஒரே ஒரு கார் அனுப்பியிருந்தார்கள். பொங்கலுக்குள் ஒன்றாவது விற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கார் திரும்பிப் போகும். அதை ஓட்டவென்று வைத்த நானும் போக வேண்டியதுதான்.

வந்தவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே உட்கார்ந்த முதல் ஆள் தணிகாசலம் அண்ணன். நெய்வேலியில் கரன்ட்டுக்கு நிலக்கரி வெட்டுகிற சுரங்கத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிற பர்மனென்ட் ஆப்பரேட்டர். சாக்கடை ஓரம் நின்ற காரிலிருந்து இறங்கினார், சுற்றி வந்தார், முன்பக்கம் குனிந்து பானெட்டில் காதை வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. "மூச்சே இல்லியேடா தம்பி. செத்த வண்டி எப்பிடிடா பாஞ்சிச்சி?"

சங்கம் மாறாதவர்

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே கம்பெனி கார்தான். கம்பெனி பெயர் வேண்டாம், உங்கள் தெருவிலும் அதுதான் நிற்கும். புயல் அடித்த வருஷம் அவர் மனைவி மல்லிகா அக்காவுக்கு மூச்சுத் திணறல். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி மரமும் பலா மரமும் ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, தோப்புக்குள் இறங்கி ஏறி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வெள்ளைக் கார். ஒரு தடவைகூட அணையவில்லையாம். அவர் அதைக் கார் என்று சொல்லமாட்டார். "நம்பளது" என்றுதான் சொல்வார்.

அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கிற செல்வராசு அண்ணனுக்கும் அதே கம்பெனி. அந்த ஷிஃப்டில் கார் வைத்திருக்கிற எல்லாருக்குமே அதே கம்பெனிதான். ஒருத்தர் வண்டியில் பெல்ட் அறுந்தால் இன்னொருத்தர் டிக்கியிலிருந்து எடுத்துப் போடுவார்கள். இந்த ஊரில் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் பெயருக்கு அடுத்து எந்தத் தொழிற்சங்கம் என்றுதான் கேட்பார்கள். காரும் அப்படித்தான் என்று, தணிகாசலம் அண்ணன் கரன்ட் கார் பார்க்கிற சேதி கேட்டு செல்வராசு அண்ணன் எங்கள் கடைக்கே வந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் அங்கே நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் செல்வராசு அண்ணன் சொன்னார்: "சங்கம் மாறினவன் வந்து டீ கேட்டாக்கூட வாங்கிக் குடுப்பேன் தணிகா. நீ கம்பெனி மாறிட்டு, நடு ரோட்டுல நின்னுக்கினு எனக்கு போன் மட்டும் பண்ணாத."

கேபிள் எட்டுமா?

எங்கள் மேனேஜர் பாஸ்கரன் சார் ஒரு யோசனை சொன்னார். முதல் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு டெமோ காரைச் சுரங்கத்து கேட் பக்கம் நிறுத்து, நாலு பேர் பார்க்கட்டும் என்றார். நாலு பேர் இல்லை, ஒரு கூட்டமே பார்த்தது. பார்த்த எல்லாரும் ஒரே கேள்வி. "ஏம்பா, கேபிள் எவ்ளோ நீளம்? வடலூரு வரைக்கும் எட்டுமா?" ஒரு ஆள் காருக்குப் பின்னால் போய், எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடித்துக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார்ஜ் போட்டுட்டு பிடுங்கிடலாம்ணே, இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

தணிகாசலம் அண்ணன் மட்டும் சிரிக்காமல் காரில் ஏறி, சுரங்கத்தை மேலிருந்து பார்க்கிற இடத்துக்கு விடச் சொன்னார். நான் டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே பிறந்து வளர்ந்தவன். மழை தூறினாலே எங்கள் தெருவில் கரன்ட் போய்விடும். அந்தக் கடுப்பிலேயே சுரங்கத்தை நான் எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். பூமியைப் படிப்படியாக வெட்டி இறக்கி வைத்திருந்தார்கள். அடியில் கருப்பாக நிலக்கரிப் படிவு. நடுவில் ஒரு மெஷின். மெஷின் என்று சொன்னால் போதாது. ஒரு தெரு எழுந்து நின்று நடக்கிற மாதிரி இருந்தது. அதன் மூக்கில் ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றித் தொட்டி தொட்டியாகப் பற்கள். சுற்றச் சுற்ற ஒரு மேடு அப்படியே கரைந்தது. புகை எங்கே என்று தேடினேன். புகையே இல்லை. பின்னால் தொடை தண்டிக்கு ஒரு கேபிள் மண்ணில் நெளிந்து வந்தது. அது நசுங்காமல் இருக்க ஆட்கள் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். டீசல் இல்லாமல் மலையைத் தின்கிற ஒன்றை இவர் தினமும் ஓட்டுகிறார், இவரிடம் போய் கரன்ட் காருக்கு இழுவை இருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"எம் மெஷினுக்கு வாலு உண்டுடா. ஒன்னுதுல வாலை அறுத்துட்டு ரோட்டுல வுட்டுருக்கான். அதான் பயலுவோ சிரிக்கிறானுவோ."

திண்டிவனத்தில் மாமியார்

கரன்ட் மேல் அண்ணனுக்குச் சந்தேகமே கிடையாது. புதுக் கம்பெனி மேல்தான் சந்தேகம். அதைவிடப் பெரிய தடை வீட்டில் இருந்தது. மல்லிகா அக்கா ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் மகள் சென்னையில் காலேஜில் படிக்கிறாள். "ஒரே சார்ஜ்ல சென்னை போவும்னு சொல்லிடு" என்றார் பாஸ்கரன் சார். போகாது சார் என்றேன். "ஏசி போடாம, இறக்கத்துல வுட்டு ஓட்டினா போவும்." நெய்வேலியிலிருந்து சென்னைக்கு எங்கே சார் இறக்கம் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றார்.

அக்கா என்னைக் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்க வைத்துத்தான் கேட்டார். சென்னை போகுமா? போகாதுக்கா, திண்டிவனம் வரைக்கும் போகும், அதற்கு மேல் எங்காவது பிளக் தேடி உட்கார வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "திண்டிவனத்துல யாரு வூட்டுல பிளக்கு சொருவுறது? ஒனக்கு அங்க மாமியார் வூடு இருக்குதா?"

மல்லிகா அக்காவின் காது

இப்போது சொல்லப் போவதை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஷிஃப்ட் விட்டால் வரிசையாகக் கார் வரும். எல்லாம் ஒரே கம்பெனி, எனக்கு எல்லாம் ஒரே சத்தம். மல்லிகா அக்கா அடுப்படியில் இருந்தபடியே சொல்வார்: "இது செல்வராசு அண்ணன், கிளட்ச்சு தேயுது. அது கோடி வூட்டுக்காரரு." திடீரென்று தோசைக் கல்லை அடுப்பில் ஏற்றுவார், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய் கேட்டைத் திறப்பார். தெருவில் ஒன்றையும் காணோம். எனக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முக்கில் அந்த வெள்ளைக் கார் திரும்பும். அண்ணன் பிரேக்கைத் தொடாமல் நேராக உள்ளே வந்து நிற்பார். தன் வீட்டு வாசலில் அவர் ஹாரன் அடித்ததே கிடையாது. ரெண்டாவது கியரிலேயே முக்கித் திரும்பினால் வேலையில் ஏதோ தகராறு, அன்றைக்குப் பேச்சு கொடுக்கக்கூடாது என்பதுவரை அக்காவுக்குத் தெரியும்.

இதை யோசிக்காமல் நாங்கள் ஒரு நாள் டெமோ காரை அண்ணனையே ஓட்ட வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். கேட் மூடியே இருந்தது. காத்திருந்தோம். உள்ளே ரேடியோ பாடியது. கேட் திறக்கவில்லை. கடைசியில் அண்ணன் இறங்கிப் போய், சொந்த வீட்டில் காலிங் பெல் அடித்தார். கதவைத் திறந்த அக்கா அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாங்க இது, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி வாசல்ல வந்து நிக்கிறீங்க?"

மயில்

அன்றைக்குத்தான் அக்கா முதல்முறை அந்தக் காரில் ஏறினார். ஒரு சுற்று, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்ற கண்டிஷனோடு. ஏறினதும் பாட்டுப் போட வேண்டும் என்பது பாஸ்கரன் சார் உத்தரவு. பென் டிரைவைக் கடையிலேயே மறந்துவிட்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, மரங்கள் கவிந்த ரோட்டில் மெதுவாகப் போனோம். டயருக்கு அடியில் சருகு நொறுங்குவது கேட்டது. எங்கோ ஸ்கூல் மணி. யாரோ சைக்கிளில் போகிறார், செயினுக்கு எண்ணெய் இல்லை என்பதுகூடக் கேட்டது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா கையைத் தூக்கித் தடுத்தார்.

கோயிலைத் தாண்டின வளைவில் மயில் கத்தியது. பிறகு இன்னொன்று, தூரத்தில். நெய்வேலியில் மயில் அதிசயம் இல்லை, கூரையில் வந்து உட்காரும். ஆனால் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மயில் சத்தம் நம் காதுக்கு வந்து சேருவது அதிசயம். எல்லாவற்றுக்கும் அடியில் பவர் ஹவுஸின் உறுமல் ஒன்று ஓயாமல் கேட்டது. இத்தனை வருஷம் அதற்குள்ளேயே இருந்தும் நான் கேட்டதில்லை. வாங்குவாரா மாட்டாரா என்பதே மறந்துபோனது. அக்கா வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "இத்தினி வருசமா நம்பளது பேசிக்கினே வந்துருக்குது. ஊரு பேசறதை இன்னிக்குத்தாங்க கேக்குறேன். இதை எடுத்துக்கலாம்."

திறந்த கேட்

பொங்கலுக்கு முன்னாலேயே கார் வந்துவிட்டது, அண்ணனின் வெள்ளைக் காரை விலையில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. டெலிவரி அன்றைக்கு பாஸ்கரன் சார் சாவியைக் கொடுத்துச் சொன்னார்: "புதுசை வுட்டுட்டு, எக்ஸ்சேஞ்ச் வண்டியை ஓட்டிக்கினு வா. அதை வாங்க மேல்பட்டாம்பாக்கத்துப் பார்ட்டி வந்து ஒக்காந்துருக்காரு. பழசு வரலன்னா நீயும் வராத." விளையாட்டாகச் சொல்கிறவர் இல்லை அவர்.

புதுக் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் ஆனது. செல்வராசு அண்ணனே வந்து, கேபிளைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி பின்னால் நடந்து காட்டிவிட்டுப் போனார். அக்கா எங்களுக்கு டிபன் பண்ண உள்ளே போனார். அண்ணன் புதுக் காரில் உட்கார்ந்து சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் வெள்ளைக் காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். ஒரே திருகு. புயலில் அணையாத அந்த இன்ஜின் பழைய குரலில் பேச ஆரம்பித்தது.

உள்ளே தோசைக் கல் அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா ஓடிவந்தார். நேராகப் போய் கேட்டை விரியத் திறந்தார். திறந்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒன்றும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணன் சீட்டை நகர்த்துவதை நிறுத்திவிட்டார். "எடுத்துக்கினு போடா, அவ அப்பிடித்தான்" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. யாரும் என்னை மறிக்கவில்லை. அக்கா ஓரமாகக்கூட ஒதுங்கி நின்றார். "அது வர்றதுக்குத்தான்டா தம்பி தெறப்பேன். போறதுக்குத் தெறந்தது இல்ல."

இன்ஜினை அணைத்தேன், சாவியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன். பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வா என்றார்கள், நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வடலூர் போனேன், அந்த பஸ்ஸும் நான் வெறுங்கையோடு வருவதை வழியெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனது.