மகளின் மூக்கு

என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வாசம் பிடிப்பாள். பள்ளிக்கூடப் பாவாடைக்கு மேல் அவள் அம்மா பின்னிய பச்சை ஸ்வெட்டர், குளிரில் வெடித்த கன்னம், முன்பல் ஒன்று விழுந்த ஓட்டை வாய். இந்தக் கோலத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் என் எதிரில் வந்து நிற்பாள். அரைத்த இலையை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். அவள் குனிந்து மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் யோசிப்பாள். அந்தத் தொழிற்சாலைக்கு டீமேக்கர் நான். எனக்குக் கீழே அத்தனை பேர் வேலை பார்த்தார்கள். நானோ ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தை என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பிழைப்பு பெரிதாகத் தெரிந்தது, வெட்கம் சிறிதாகத் தெரிந்தது. இந்த வயதில் அது அப்படியே மாறிவிட்டது.

டீமேக்கர் என்றால் டீ போடுகிறவர் என்று கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கைகாட்டி அனுப்பிக் கேலி செய்தவர்கள் உண்டு. தோட்டத்திலிருந்து வரும் பச்சை இலை தேயிலைத் தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை அத்தனைக்கும் பொறுப்பாளி டீமேக்கர்தான். இலையை வாட்டி, அரைத்து, ஈரத்தோடு பரப்பி வைப்போம். காற்றுப் பட்டு அது புளித்து, பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் அதன் வாசமும் மாறும். முதலில் வெட்டின புல்லின் வாசம். அது போய் ஒரு பழ வாசம் ஏறும். அந்தப் பழ வாசம் திரண்டு வருகிற நிமிடத்தில் இலையை அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் டீ பச்சையடிக்கும், பிந்தினால் சப்பென்று போகும். வெயில் நாளில் நிறத்தையும் கடிகாரத்தையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். எங்கள் எஸ்டேட் இருந்த கோத்தகிரிப் பக்கத்தில் சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் கடிகாரம் உதவாது. மூக்குதான் சொல்ல வேண்டும். எனக்கு நல்ல மூக்கு என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த மூக்கு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, அடைப்பு விட்டது, வாசம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தேன். கொல்லைப்புறத்திலிருந்து என் மனைவி ஓடி வந்து பால் பாத்திரத்தை இறக்கினாள். "ஏனுங்க, பால் தீஞ்சு ஊடே நாறுது, பக்கத்துலயே குந்தியிருக்கறீங்க. மூக்கை எங்காச்சும் அடகு வெச்சுட்டீங்களா?" என்றாள். ஏதோ யோசனையில் இருந்தேன் என்று சமாளித்தேன். எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனால் கம்பவுண்டர் மூலம் சாயங்காலத்துக்குள் மேனேஜருக்குச் சேதி போய்விடும். செருப்பு வாங்கப் போகிறேன் என்று குன்னூருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். வேலை போனால் வீடும் போகும். தொழிற்சாலையை ஒட்டிய அந்த வீடு டீமேக்கருக்கென்று கொடுத்தது. மனைவியிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் முன்னால் சின்னவனாகிவிடுவேன் என்பதுதான் உண்மை.

கண்டுபிடித்தது என் மகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, ஒவ்வொரு பொருளாக மூக்கருகே கொண்டுவந்து விளையாட்டுக் காட்டினாள். "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதலில் சோப்பு என்றேன். சிரித்தாள். அப்புறம் மல்லிகைப்பூ என்றேன். உருண்டு உருண்டு சிரித்தாள். துண்டை அவிழ்த்துப் பார்த்தால், யூகலிப்டஸ் தைலத்தில் நனைத்த துணியை என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தைலத்தைத் திறந்தால் அடுத்த வீடு வரைக்கும் வாசம் போகும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் மறுபடி ஒரு தடவை துணியை நீட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. "அப்பா, உங்களுக்கு வாசமே தெரியலீங்களா?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். தெரிந்தால் நம்மை இந்த வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றேன். ஒரு குழந்தையிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவளும் என்னோடு சேர்ந்து பயப்பட ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் காப்பி கொண்டுவருவது அவள் வேலையாயிற்று. ஸ்டாஃப் குழந்தைகள் தொழிற்சாலைக்குள் வந்து போவதை யாரும் கண்டுகொள்வதில்லை. பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து நான் இலையை அள்ளி நீட்டுவேன். "இன்னும் புல்லுதாங்கப்பா" என்பாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி நீட்டுவேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. பழ வாசம் அவளுக்குப் பேரிக்காய் வாசம். "இப்பப் பேரிக்கா வந்துருச்சு" என்று அவள் கிசுகிசுத்ததும், நான் நிமிர்ந்து நின்று, ஏதோ நானே மோந்து தீர்மானித்தவன் மாதிரி, இலையை அடுப்புக்கு ஏற்றச் சொல்லிக் குரல் கொடுப்பேன். அவள் சொன்னது தப்பியதே இல்லை. அந்தப் பருவத்தில் எங்கள் டீக்கு நல்ல பேர் வந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டினார். காப்பி கொண்டுவந்த குழந்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்குக் கெடுபிடி கூடியது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஏற்கெனவே பவுடர், அத்தர் எல்லாம் அளவோடுதான் இருக்கும். நான் அதை மகளுக்கு என்று தனிச் சட்டமாக்கினேன். சாயங்காலத்துக்கு முன் ஆரஞ்சு மிட்டாய் கூடாது, வெங்காயம் கூடாது, தலையில் பூ கூடாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவள் அம்மா குன்னூரிலிருந்து மல்லிகை வரவழைத்துப் பின்னலில் வைத்துவிட்டிருந்தாள். விழா முடிந்து நேராகத் தொழிற்சாலைக்கு வந்தவளின் தலையிலிருந்து நான் அதைப் பிய்த்து எடுத்தேன். வீட்டுக்குப் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பொட்டப்புள்ளைக்கு ஒரு மொழம் பூ வெக்கக் கூடாதுங்களா? இது ஊடுங்களா, உங்க பேக்டரிங்களா?" என்று கேட்டாள். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, "எனக்குத்தாம்மா பூ வெச்சாத் தலை வலிக்குது" என்றாள். அதற்குப் பிறகு அவள் பூக் கேட்டதில்லை. எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை இங்கே எழுதவே கூசுகிறது.

அடுத்த பருவத்தில் இலை கொட்டோகொட்டென்று வந்துகொண்டிருந்த நாட்களில் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு ஒழுகி, இரவெல்லாம் இருமினாள். நான் வெந்நீரில் தைலம் விட்டுத் தலையில் போர்வையைப் போட்டு அவளுக்கு ஆவி பிடித்துவிட்டேன். ஒரு நாளில் இத்தனை தடவை பிடிக்கிறீர்களே, குழந்தை முகம் வெந்துவிடும் என்று மனைவி தடுத்தாள். அப்பாவுக்கு மகள்மேல் உயிர் என்று பக்கத்து வீட்டம்மாள் மெச்சினார். எனக்கு வேண்டியிருந்தது அவள் மூக்கு. சாயங்காலம் மூடுபனி இறங்கி எதிர் மரம் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தவளைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் காற்றாடட்டும் என்று சொல்லிப் போனேன். உள்ளங்கையை நீட்டினேன். அவள் வழக்கம்போல் கண்ணை மூடினாள். மூச்சு ஏறவில்லை, வாயால் இழுத்தாள். நான் அவசரப்படுத்தினேன். "நல்லா இழு சாமி, நல்லா இழு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "பேரிக்காங்கப்பா" என்றாள். இலையை ஏற்றச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் வரிசையாகக் கோப்பைகளை வைத்து ருசி பார்த்து, வாயில் வைத்ததைத் துப்பினார். முழுக்கப் பச்சை வாசம் என்றார். பனியில் நிறம் ஏமாற்றிவிட்டது என்று நான் ஏதோ சொன்னேன். அவர் கோப்பையை என்னிடம் நீட்டாமல், இனி இப்படி நடந்தால் யோசிக்க வேண்டிவரும் என்பதோடு விட்டார். அன்று வீட்டில் மனைவி துருவித் துருவிக் கேட்டாள். வேலையே போனாலும் போகும் போலிருக்கிறது என்று சொன்னேன். மகள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் பியூன் வந்து, சார் கூப்பிடுகிறார் என்றான். ஆபீஸ் அறைக்குள் போனால் மேஜைக்கு முன்னால் என் மகள் நிற்கிறாள். பள்ளிக்கூடப் பை தோளில் தொங்குகிறது. மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "உங்க பொண்ணு ஒரு விஷயம் சொல்றா. அன்னிக்கு இலையை இவதான் மோந்து பார்த்தாளாம். சளியா இருந்ததால தப்பாச் சொல்லிட்டாளாம். இப்பச் சரியாயிடுச்சு, இனிமே கரெக்டா சொல்றேன், அப்பாவை அனுப்பிடாதீங்கன்னு கேக்கறா. உங்களுக்கு வாசமே தெரியாதாமே. நிஜமா?" என்று கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க வரவில்லை, காப்பாற்ற வந்திருந்தாள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று நம்பி வந்திருந்தாள். குழந்தை ஏதோ உளறுகிறது என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வரும் ஒரு அசட்டுச் சிரிப்பும் முகத்துக்கு வந்துவிட்டது. மகள் அண்ணாந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். உடனே மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இல்லீங்க சார், நான் சும்மா சொன்னேனுங்க. எங்கப்பாவுக்கு நல்லா வாசம் தெரியுமுங்க. நான்தான் பொய் சொல்லிட்டேனுங்க" என்றாள்.

பெரியவர்கள் வேலையைப் பற்றி இப்படிப் பொய் சொல்லலாமா என்று மேனேஜர் அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து, தப்புதானுங்க சார் என்றாள். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று சொல்லு என்றார். அதையும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து, பையைச் சரிசெய்துகொண்டு அவள் வாசல் பக்கம் நகர்ந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. குழந்தை முதலில் சொன்னதுதான் உண்மை என்றேன். மேனேஜர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் நல்ல மனிதர், வீட்டுக்கு அனுப்பவில்லை. தோட்டத்தில் இலை நிறுக்கும் வேலைக்கு மாற்றினார். மலைச் சரிவில் இரண்டு அறை உள்ள வேறு வீட்டுக்குப் போனோம். எனக்கு வாசம் போனதை மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். இத்தனை நாள் மறைத்ததற்காக அவள் அழுதாள். உண்மையைச் சொன்னதற்காக அப்புறம் பெருமைப்பட்டாள்.

அந்தப் பெருமை இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. மேனேஜர் காலமாகிவிட்டார். நாங்கள் இப்போது குன்னூரில் இருக்கிறோம். மகள் கோயமுத்தூரிலிருந்து கோடை விடுமுறைக்குப் பையனோடு வருவாள். போன விடுமுறையில் பேரன் ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து என் மனைவி ஆரம்பித்தாள். "உங்க அப்பிச்சி மாதிரி இருக்கோணும் கண்ணு. வேலை போனாப் போகட்டும்னு மேனேஜர்கிட்ட உண்மையச் சொன்னவரு." நான் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பேரன் தன் அம்மாவைப் பார்த்து, "நெசமாம்மா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டான். மகள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"பாத்தேன் சாமி. அவரு கேட்ட உடனே அப்பிச்சி சொல்லிட்டாரு" என்றாள்.

உடனே என்பதை என் மனைவி ஒருநாளும் சொன்னதில்லை. அதை மகள் தானாகச் சேர்த்தாள்.