கண்ணாடியில் தெரிந்த முகம்

பிள்ளைகளே, கண்டியில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில், இரத்தம் சோதிக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். கலவரத்தில் வெந்த கன்னம். இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்களைக் கலப்பார். போதைமருந்து இருந்தால் துகள்களில் ஒட்டும். காந்தத்தால் இழுத்தெடுத்து அளப்பார். இழுக்கும்போது, "வா ராசா, வா" என்று கூப்பிடுவது அவர் பழக்கம்.

ஒருநாள் போதைச் சந்தேகத்தில் ஒரு பஸ் சாரதியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கலவரத்தில் ஐயாவின் வீட்டைக் கொளுத்தியவன் அவன். அன்று காந்தத்தை வைத்து, ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு "வா ராசா" என்று கூப்பிட்டார். மருந்து இல்லை. மறுபடியும் சோதித்தார். இல்லை.

"இருக்குன்னு எழுதிருங்க ஐயா," என்றேன்.

"பொய்யெழுதி, என்னைவிட அவனை நல்லவனாக்கச் சொல்லுறியோ?"

உள்ளபடியே எழுதினார்; சாரதியை விட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து தினமும் அவனுடைய பஸ்ஸில்தான் ஏறினார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஐயாவின் முகம் தெரியாதபடி சாரதி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பினான். ஐயா எழுந்து, தன் வெந்த முகம் அதில் தெரியும் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்.