கொண்டை ஊசி வளைவில் கூடிய கூட்டம்

ஏற்காட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற எனக்குப் போன வருடம் திடீரென்று ஞானம் வந்தது. முன்பின் தெரியாதவர்களைக் கூட்டிவைத்து மனம்விட்டுப் பேசவைக்கப் போகிறேனாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். நடுவில் மெழுகுவர்த்தி. சுவரில் விதிமுறைகள்: இங்கே பேசுவது வெளியே போகாது, யாரும் யாரையும் எடைபோட மாட்டார்கள், அழலாம். அதைப் படித்த எல்லோரும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள்.

என் கவலையெல்லாம் சேலத்துப் பெரியவரைப் பற்றித்தான். முன்பே போன் செய்திருந்தார். "ஏனுங்க அம்மிணி, எனக்கு ஒண்ணு சொல்லோணுங்க. சொந்தக்காரங்க கேட்டா காறித் துப்புவாங்க. நீங்க ஆளுங்கள மட்டும் சேத்துடுங்க."

சேர்த்தேன். சென்னைப் பெண் ஒருத்தி தன் பூனையைப் பற்றியே பேசினாள். பெரியவர் முறை வந்ததும், "இங்க குளுரு நொம்பங்க" என்றார். அவ்வளவுதான். "பயப்படாம சொல்லுங்க" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பல் பிடுங்குகிறவர் 'வலிக்காது, வலிக்காது' என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

மதியம் எல்லோரையும் வேனில் ஏற்றி அடிவாரத்தில் விடக் கிளம்பினோம். சொல்ல வந்ததைச் சுமந்துகொண்டே மனிதர் திரும்புகிறாரே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல்.

கொண்டை ஊசி வளைவுகள் வேலையைக் காட்டின. முதலில் பெரியவர் வாந்தி எடுத்தார். மலை வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர் குமட்டினால், அவர் யாரானாலும் நெற்றியைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். பூனைக்காரி பிடித்துக்கொண்டாள். பெரியவர் எடுத்ததைப் பார்த்து இன்னொருவர் எடுத்தார், அந்த இன்னொருவரைப் பார்த்து, மலையிலேயே குடியிருக்கிற நான். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினார்.

மானம் போன கூட்டம் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே எலுமிச்சம்பழத்தை மாற்றி மாற்றி முகர்ந்தது. பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"எம் பொண்டாட்டி வருசக்கணக்கா படுக்கையில கெடந்தாளுங்க. எல்லாம் நாந்தான் பாத்தேன். அவ போனன்னிக்கு எனக்கு அழுகையே வரலீங்க. அப்பாடான்னு இருந்துச்சுங்க."

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆறுதலையெல்லாம் விட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தை அவரிடம் நீட்டினேன்.

"எங்கப்பா போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அங்கிள்" என்றாள் பூனைக்காரி.

பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தார். மனைவிக்காக அப்போதுதான் அழுதார். வேனில் பிடித்த மாதிரியே அவள் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.