இலை கிள்ளினால் ஒரு வாளி நீர்

1977: தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பின், இலங்கையின் மாத்தளையில் பழைய கோட்டை நின்ற நிலத்திலிருந்த உத்தியோகத்தர் வீடுகளும் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களும் வெறுமையாயின.

பல ஆண்டுகளுக்குப் பின் இன்று, அந்நிலத்தில் எழவிருக்கும் குடியிருப்பின் முற்றத்தை அதன் கட்டடக் கலைஞனாக நான் வரைந்துகொண்டிருக்கையில், மகள் தாளித்த கறிவேப்பிலையின் வாசம், உத்தியோகத்தர், தொழிலாளர் இருசாராருக்கும் அன்று பொதுவாயிருந்த முற்றத்துக்கு, வழுக்கும் ஈரச் செங்கல்லுக்கும் வாளிகளின் ஓசைக்கும், இலை கிள்ளியவர் எவராயினும் செடிக்கு ஒரு வாளி நீர் ஊற்றியாக வேண்டும் என்ற வழக்கத்துக்கும் என்னை இட்டுச்சென்றது.

"கிளாக்கர் ஐயா மகன்னா தண்ணி ஊத்த மாட்டீங்களோ?" என்பாள் லயத்துச் செல்வி, எழுத்தரின் மகனான என்னிடம். பின்னாளில் அவள் என் மனைவியானாள். சென்ற மாதம் மறைந்தாள்.

குடியிருப்பைக் கட்டுவோர், வசதியுள்ளோர் வீடுகளைத் தனியே பிரிக்க ஒரு மதில் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். வரைந்திருந்த மதிலை இன்று அழித்தேன்.

மீதமுள்ளவை: மதில் ஏன் இல்லையென்று கடிதம் எழுதுவது, எல்லாருக்குமான தண்ணீர்க் குழாயை நடு முற்றத்தில் குறிப்பது, இன்னும் வேறொரு லயத்தில் குடியிருக்கும் செல்வியின் தங்கையிடம் வரைபடத்தைக் காட்டி, தன் வீட்டை அவளே தேர்ந்தெடுக்கச் சொல்வது.